அமெரிக்க நேவி மக்களுக்கு தன்னை காட்டிக்க எவ்வளவு செலவு பண்ணுது, அந்த கணக்கு எங்க மறையுது

கேள்வி இதுதான்: "அமெரிக்க நேவி ப்ளூ ஏஞ்சல்ஸ்னு ஒரு விமான சாகச டீம் வச்சிருக்கு, வருஷா வருஷம் ஃப்ளீட் வீக்னு போர்க்கப்பல்களை துறைமுகத்துல நிறுத்தி மக்களுக்கு காட்டற ஒரு வாரம் நடத்துது, பொதுமக்களை கப்பல்ல ஏத்திட்டு போய் காட்டுது. எல்லாம் மக்களோட வரிப்பணம்தானே, எவ்வளவு ஆகும், இது வீண் செலவு இல்லையா?"

முதல்ல தெரிஞ்ச நம்பர்ல இருந்து ஆரம்பிக்கறேன். ப்ளூ ஏஞ்சல்ஸ் டீமுக்கு 2013 வாக்குல வருஷத்துக்கு சுமார் 40 மில்லியன் டாலர் ஆச்சுன்னு பரவலா செய்தி வந்துச்சு. கேட்டா பெருசா தெரியும், ஆனா நேவி டிபார்ட்மென்ட்டோட பட்ஜெட் அப்பவே 150 பில்லியனுக்கு மேல, அதுல இது பத்தாயிரத்துல மூணு பங்கு கூட வராது. அதனால "இதை நிறுத்துனா நாட்டுக்கு பணம் மிச்சம்"னு சொல்றவங்களும் சரி, "இவ்வளவு சின்ன தொகைக்கு எதுக்கு கத்தறீங்க"ன்னு கேக்கறவங்களும் சரி, ரெண்டு பேருமே தப்பான இடத்தை பாக்கறாங்கன்னு நான் நினைக்கறேன். பாக்க வேண்டியது வெளிய தெரியற அந்த 40 மில்லியனை இல்ல, "பயிற்சி"ங்கற பேர்ல எழுதப்படற மணி நேரங்களை.

ஒரு உதாரணம் சொல்றேன். 2020 ஏப்ரல் 28ம் தேதி, கொரோனா உச்சத்துல இருந்தப்போ, ப்ளூ ஏஞ்சல்ஸும் ஏர் ஃபோர்ஸோட தண்டர்பேர்ட்ஸும் சேர்ந்து நியூயார்க், நியூவார்க், ட்ரென்டன், பிலடெல்பியா மேல பறந்தாங்க, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு மரியாதை செய்யறதுக்காக. ரெண்டு டீமும் சேர்ந்து பறக்க மணிக்கு 60,000 டாலர் ஆகும்னு அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனே சொல்லுச்சு. கூடவே இன்னொரு வரியும் சொன்னாங்க, இது ஏற்கெனவே பயிற்சிக்குன்னு ஒதுக்குன பறக்கும் நேரம், அதனால வரி கட்டறவங்களுக்கு புதுசா ஒரு செலவும் இல்லைன்னு. சூப்பர் பௌல்ங்கற அமெரிக்க ஃபுட்பால் இறுதி மேட்ச் ஆரம்பிக்கறப்போ ஸ்டேடியம் மேல போர் விமானங்கள் பறக்குதே, அதுக்கும் இதே பதில்தான் வரும். 2023 பிப்ரவரில அரிசோனால நடந்த மேட்ச்ல முழுக்க பெண்களே ஓட்டுன நேவி விமானங்கள் பறந்துச்சு, ரொம்ப பெருமையான விஷயம், அதுவும் பயிற்சி கணக்குலதான்.

இது பொய்யான்னு கேட்டா, பொய் இல்ல. பைலட்டுக்கு மாசத்துக்கு இத்தனை மணி நேரம் பறந்தே ஆகணும்னு இருக்கு, குறிப்பிட்ட நொடில குறிப்பிட்ட இடத்துக்கு மேல வந்து சேர்றது போர்லயும் தேவைப்படற திறமை. ஆனா முழு உண்மையும் இல்ல. ஒரு மணி நேரம் ஸ்டேடியம் மேல பறந்தா அந்த ஒரு மணி நேரம் வேற எதுக்கோ பயன்பட்டிருக்கலாம், ராத்திரில கப்பல்ல இறங்கற பயிற்சிக்கோ, குண்டு போடற பயிற்சிக்கோ. அந்த விட்டுக்கொடுத்த நேரத்தோட மதிப்பை யாரும் எங்கயும் எழுதறதில்ல. இத்தனைக்கும் மதிப்பு தெரியாம இல்ல, பென்டகனோட கணக்கு அதிகாரி ஒவ்வொரு வருஷமும் எந்த விமானத்துக்கு மணிக்கு எவ்வளவுன்னு ஒரு பட்டியலே வெளியிடறாரு. சினிமா கம்பெனியோ வேற டிபார்ட்மென்ட்டோ விமானத்தை கேட்டு வாங்குனா அந்த ரேட்லதான் பில் போகும். வெளி ஆளுக்கு பில் போடத் தெரிஞ்ச ஆபீஸுக்கு தன்னோட விளம்பரத்துக்கு மட்டும் அதே ரேட்ல ஒரு கணக்கு எழுதி வைக்க முடியாதா?

இந்த பழக்கம் இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. 1907 டிசம்பர் 16ம் தேதி அப்ப அதிபரா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 16 போர்க்கப்பலை வெள்ளை பெயின்ட் அடிச்சு, சுமார் 14,000 பேரோட உலகத்தை சுத்தி வர அனுப்புனாரு, 1909 பிப்ரவரி 22 வரைக்கும் சுத்துச்சு, 43,000 கடல் மைல். மெய்ன் மாநிலத்து செனட்டர் யூஜின் ஹேல், செனட்ல கடற்படை கமிட்டி தலைவரா இருந்தவரு, இதுக்கு காசு கொடுக்க விட மாட்டேன்னாரு. பசிபிக் வரைக்கும் போறதுக்கு என்கிட்ட காசு இருக்கு, கப்பல்களை திரும்ப கூட்டிட்டு வர்றதா வேணாமான்னு காங்கிரஸே (அமெரிக்க நாடாளுமன்றம்) முடிவு பண்ணிக்கட்டும்ங்கற மாதிரி ரூஸ்வெல்ட் பதில் சொன்னாரு. காங்கிரஸ் கொடுத்துச்சு, வேற வழி? ஜப்பானுக்கு பலத்தை காட்டத்தான் இந்த பயணம்னு பள்ளிக்கூட புத்தகத்துல எல்லாம் வரும், ஆனா ரூஸ்வெல்ட்டே பின்னாடி எழுதும்போது, முக்கிய நோக்கம் அமெரிக்க மக்கள் மனசுல பதிய வைக்கறதுதான்னு நேரடியாவே எழுதிட்டாரு. அதோட பலன் என்னன்னு பாத்தா, 1908ல அவர் நாலு புது போர்க்கப்பல் கேட்டாரு, காங்கிரஸ் ரெண்டுக்கு சம்மதிச்சுது. நம்ம பக்கத்து விஷயம் ஒண்ணு, இந்த கப்பல் கூட்டம் 1908 டிசம்பர் 13ல இருந்து 20 வரைக்கும் கொழும்புல நின்னுச்சு. அங்க இருந்து சூயஸ் போய் சேர்ந்தப்போதான் இத்தாலில மெசினா நிலநடுக்க செய்தி கிடைச்சுது, சில கப்பல்களை உடனே உதவிக்கு அனுப்புனாங்க. ஊர்வலமா போன கப்பல் நிஜ வேலைக்கு கை கொடுத்த இடம் அது, அதையும் சொல்லத்தான் வேணும்.

நேர்மையா நடந்த ஒரு செலவும் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன்னு 1797ல கடல்ல இறக்குன மரக்கப்பல், 1920கள்ல உளுத்துப்போய் பாஸ்டன்ல கிடந்துச்சு. புதுப்பிக்க காங்கிரஸ் அனுமதி கொடுத்துச்சு, காசு கொடுக்கல. பள்ளிக்கூட பிள்ளைங்க காசு காசா சேர்த்தாங்க, கப்பலோட பழைய மரத்துலயும் உலோகத்துலயும் நினைவுப்பொருள் செஞ்சு வித்தாங்க, கடைசில பத்தாம போன பணத்தை காங்கிரஸ் போட்டுச்சு, மொத்தம் 9,46,000 டாலருக்கு மேல ஆச்சு. அப்புறம் 1931ல இருந்து 1934 வரைக்கும் அந்த கப்பலை இன்னொரு கப்பல் கட்டி இழுத்துட்டு 90 துறைமுகத்துக்கு போச்சு, 46 லட்சம் பேர் ஏறிப் பாத்தாங்க. பொருளாதாரம் சுத்தமா படுத்திருந்த நேரம் அது. இதை யாரும் போர்ப்பயிற்சின்னு சொல்லல. மக்களுக்கு காட்டறதுக்குன்னு சொல்லிதான் காசு வாங்குனாங்க, சொன்னபடியே காட்டுனாங்க. அந்த மாதிரி இருந்தா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.

ப்ளூ ஏஞ்சல்ஸ் 1946ல உருவானது, அப்ப நேவி தலைமைத் தளபதியா இருந்த அட்மிரல் நிமிட்ஸ் உத்தரவு போட்டு. போர் முடிஞ்சிடுச்சு, படை சுருங்குது, பட்ஜெட் குறையுது, மக்கள் நேவியோட விமானப் பிரிவை மறந்துடக்கூடாது, இதுதான் காரணம். அதே வருஷம் ஜூன்ல ஃப்ளோரிடால ஜாக்சன்வில்ல முதல் ஷோ. 1950ல கொரியா போர் வந்ததும் டீமை கலைச்சு பிரின்ஸ்டன்ங்கற விமானம் தாங்கி கப்பலுக்கு அனுப்பிட்டாங்க, நிஜ சண்டைக்கு. இப்ப இருக்கற சூப்பர் ஹார்னெட் விமானங்களையும் 72 மணி நேரத்துக்குள்ள போருக்கு தயார் பண்ணிடலாம்னுதான் நேவி சொல்லுது. செலவு குறைக்கவும் செஞ்சிருக்காங்க, 1974 கடைசில, பெட்ரோல் விலை எகிறுன காலத்துல, பசி அதிகமான ஃபேன்டம் விமானத்தை விட்டுட்டு சின்ன ஸ்கைஹாக்குக்கு மாறுனாங்க. 2019ல டீமோட சாமான் தூக்கற பெரிய விமானத்தை மாத்த வேண்டி வந்தப்போ புதுசு வாங்காம பிரிட்டன்கிட்ட இருந்து பழசை 29.7 மில்லியன் டாலருக்கு வாங்குனாங்க. ஷோ நடத்தற ஊர்க்காரங்க ஒரு கட்டணம், ஹோட்டல் ரூம், கார் எல்லாம் கொடுக்கணும், ஆனா அது மொத்த செலவுல கொஞ்சம்தான், மீதி அரசாங்கத்தோடதுதான்.

பணத்தை விட பெரிய விலை ஒண்ணு இருக்கு. இந்த டீமோட வரலாற்றுல ஷோவுலயும் பயிற்சிலயும் 27 பைலட்டுங்க இறந்திருக்காங்க. கடைசியா 2016 ஜூன் 2ம் தேதி டென்னசில ஸ்மிர்னாங்கற ஊர்ல கேப்டன் ஜெஃப் குஸ், ஷோவுக்கு முன்னாடி நடந்த பயிற்சில. போர்ல இறக்கல, எதிரி யாரும் சுடல, மக்கள் அண்ணாந்து பாக்கணும்ங்கறதுக்காக ரொம்ப தாழ்வா, ரொம்ப நெருக்கமா பறந்த வேலைல போன உயிர். 40 மில்லியன்னு பேசும்போது இதையும் சேர்த்து பேசலைன்னா அந்த பேச்சே அரைகுறை.

சரி, இதனால ஆள் சேருதா? 1973ல இருந்து அமெரிக்கால கட்டாய ராணுவ சேவை கிடையாது, விருப்பப்பட்டு வர்றவங்கதான், அதனால இதுதான் நேவி சொல்ற முதல் நியாயம். இதை சோதிச்சுப் பாக்க தானாவே ஒரு வாய்ப்பு வந்துச்சு. 2013ல சீக்வெஸ்டர்ங்கற கட்டாய பட்ஜெட் வெட்டு வந்தப்போ, ஹாரி ட்ரூமன் விமானம் தாங்கி கப்பலை வளைகுடாவுக்கு அனுப்பறதையே தள்ளி வச்சாங்க, அவ்வளவு நெருக்கடி. ஏப்ரல்ல ப்ளூ ஏஞ்சல்ஸோட மிச்ச ஷோ முப்பதுக்கும் மேல ரத்து, சுமார் 28 மில்லியன் மிச்சம்னாங்க. நியூயார்க் ஃப்ளீட் வீக்குக்கு கப்பல் வரல, சான் ஃபிரான்சிஸ்கோலயும் ரத்து. அந்த வருஷம் நேவி ஆள்சேர்ப்பு இலக்கை தொட்டுச்சு. பத்து வருஷம் கழிச்சு, 2023 நிதியாண்டுல, ப்ளூ ஏஞ்சல்ஸ் முழு சீசன் பறந்துச்சு, ஃப்ளீட் வீக் எல்லாம் ஜோரா நடந்துச்சு, ஆனா 37,700 பேர் தேவைப்பட்ட இடத்துல 30,236 பேர்தான் சேர்ந்தாங்க. அடுத்த வருஷம் இலக்கை 40,600ன்னு ஏத்தியும் தாண்டிட்டாங்க. நடுவுல மாறுனது ஏர் ஷோ இல்ல, சேர்க்கற விதி. நுழைவுத்தேர்வுல கம்மி மார்க் வாங்குனவங்களையும், ஹைஸ்கூல் சான்றிதழ் இல்லாதவங்களையும் எடுக்க ஆரம்பிச்சாங்க, உடம்பும் படிப்பும் தேறாதவங்களுக்கு முன்கூட்டியே ஒரு பயிற்சி வகுப்பு வச்சாங்க, ஆள் சேர்க்கற அதிகாரிங்க எண்ணிக்கையை கூட்டுனாங்க. பத்து வயசுல ஷோ பாத்த பையன் பதினெட்டு வயசுல சேரலாமேன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான், அதனால ஒரு வருஷ கணக்கை வச்சு தீர்ப்பு எழுத நான் வரல. ஆனா "இது இல்லைன்னா ஆளே வராது"ங்கற வாதம் அந்த வருஷங்கள்ல நிக்கல.

ஊர்களுக்கு லாபம் உண்டு, அது வேற விஷயம். சான் ஃபிரான்சிஸ்கோ ஃப்ளீட் வீக்கை 1981ல ஆரம்பிச்சு வச்சவங்க அப்ப மேயரா இருந்த டயான் ஃபைன்ஸ்டைன், ஹோட்டல்காரங்க, உணவகம் நடத்தறவங்க எல்லாருக்கும் அந்த வாரம் நல்ல வியாபாரம். மாலுமிங்களுக்கும் நாலு நாள் கரைல இருக்கற சந்தோஷம், கப்பல் எப்படியும் எங்கயாவது ஒரு துறைமுகத்துல நிக்கத்தான் போகுது. கடலே இல்லாத உள்நாட்டு ஊர்களுக்கு 2005ல இருந்து நேவி வீக்னு ஒண்ணு நடத்தறாங்க, பேண்ட் வாத்தியக்காரங்க, கொஞ்சம் மாலுமிங்க, அந்த ஊர்ல பிறந்து நேவில இருக்கற அதிகாரி ஒருத்தர், இவங்க போய் ஸ்கூல்ல பேசுவாங்க. இதை ஏற்பாடு பண்ற ஆபீஸ் டென்னசில மில்லிங்டன்ல இருக்கு. விமானமும் வேணாம் கப்பலும் வேணாம், என்னைக் கேட்டா ஒரு டாலருக்கு அதிக பலன் கொடுக்கறது இதுதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். பணக்காரங்க, கம்பெனி தலைவருங்க, எம்.பி.க்கள், பத்திரிகைக்காரங்க இவங்களை கப்பல்ல கூட்டிட்டு போற திட்டம். 1969 கடைசில செனட்டர் ஃபுல்பிரைட் பென்டகனோட விளம்பர வேலைகளை செனட்ல வரிசையா தோலுரிச்சு பேசுனாரு, நேவியும் அதுல மாட்டுச்சு, ஆனாலும் இது நிக்கல. பனிப்போர் முடிஞ்சதும் இன்னும் அதிகமாச்சு, ஏன்னா எதிரி போயிட்டான், இவ்வளவு விலை கொடுத்து சப்மரைன் எதுக்குன்னு காங்கிரஸ் கேக்க ஆரம்பிச்சுது. 1999ல மட்டும் பசிபிக் கப்பற்படை 7,836 பொதுமக்களை கப்பல்ல ஏத்துச்சு, அதுல தாக்குதல் சப்மரைன்ல 21 பயணம், 307 பேர், விமானம் தாங்கி கப்பல்ல 74 பயணம், 1,478 பேர்.

இதுக்கு ஒரு விதி இருக்கு, ரொம்ப நல்ல விதி. கப்பல் தன் வேலைக்கு போறப்போ விருந்தாளி கூட போகலாம், விருந்தாளிக்காக கப்பல் கிளம்பக்கூடாது. விமானம் தாங்கிக்கு தபாலும் உதிரி பாகமும் கொண்டு போற விமானத்துல காலியா இருக்கற சீட்ல நாலு பேரை உக்கார வச்சா கூடுதல் செலவு ரொம்ப கம்மி. எப்படியும் ஊருக்கு போற லாரில ஒரு மூட்டையை ஏத்தி விடறதுக்கும், அந்த ஒரு மூட்டைக்காகவே லாரி பிடிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

2001 பிப்ரவரி 9ம் தேதி அந்த விதி உடைஞ்சுது. யுஎஸ்எஸ் கிரீன்வில்ங்கற அணுசக்தி சப்மரைன் பேர்ல் ஹார்பர்ல இருந்து 16 விருந்தாளிங்களோட கிளம்புச்சு. அதோட போக வேண்டிய பயிற்சி தேதி மாறிப்போச்சு, அப்பவும் பயணத்தை ரத்து பண்ணல, விருந்தாளிங்களுக்காகவே கடலுக்கு போச்சு. சப்மரைன் மாலுமிங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்கு ஆளுங்க அன்னிக்கு கரைல இருந்தாங்க. விருந்தாளிங்கள்ல பல பேர் மிசௌரி போர்க்கப்பல் நினைவகத்துக்கு நிதி திரட்டற வேலைல சம்பந்தப்பட்டவங்க, ஓய்வு பெற்ற ஒரு அட்மிரல் மூலமா ஏற்பாடானது. இதுல ஒரு சங்கிலியை கவனிங்க: பழைய போர்க்கப்பலை மியூசியத்துக்கு கொடுக்கும்போது அரசாங்கத்துக்கு செலவு இல்லாம கொடுக்கணும்னு சட்டம் இருக்கு, அதனால நினைவகம் தனியார் நன்கொடையை நம்பி நிக்குது, நன்கொடைக்காரங்களை சந்தோஷப்படுத்த ஒரு வழியா நேவியோட சப்மரைன் வருது. ஒரு கணக்குல மிச்சம் பண்ண செலவு இன்னொரு கணக்குல வந்து உக்காருது.

மதிய சாப்பாடு நீண்டுபோய் நேரம் தாமதமாச்சு. கமாண்டர் ஸ்காட் வாடில் விருந்தாளிங்களுக்கு வேகமா திரும்பறது, ஆழம் போறது எல்லாம் காட்டிட்டு, கடைசியா அவசரமா மேல எழும்பறதை காட்ட முடிவு பண்ணாரு. அதுக்கு முன்னாடி பெரிஸ்கோப்ல சுத்தி பாக்கற வேலை வழக்கத்தை விட அவசரமா முடிஞ்சது. சோனார் (சத்தத்தை வச்சு பக்கத்துல இருக்கற கப்பலை கண்டுபிடிக்கற கருவி) தகவலை கட்டுப்பாட்டு அறைல காட்ட வேண்டிய திரை அன்னிக்கு வேலை செய்யல. பக்கத்துல ஒரு கப்பல் இருக்கற மாதிரி கணக்கு காட்டுனதை பாத்த மாலுமி, கூட்டமா நின்ன விருந்தாளிங்களைத் தாண்டி அதை கமாண்டர்கிட்ட கொண்டு போகல. ரெண்டு விருந்தாளிங்க கட்டுப்பாட்டு கருவிகள்ல உக்காந்திருந்தாங்க, பக்கத்துல மாலுமிங்க நின்னு சொல்லிக்கொடுக்க. சப்மரைன் மேல பாஞ்சு வந்து எஹிமே மாருங்கற ஜப்பானிய கப்பலோட அடியை கிழிச்சுது. உவாஜிமா மீன்வள ஹைஸ்கூலோட பயிற்சிக்கப்பல் அது, 35 பேர் இருந்தாங்க. ஒன்பது பேர் செத்தாங்க, நாலு மாணவங்க, ரெண்டு ஆசிரியருங்க, மூணு கப்பல் ஊழியருங்க.

இப்ப செலவு கணக்கை பாருங்க. 600 மீட்டர் ஆழத்துல கிடந்த கப்பலை தூக்கி ஆழமில்லாத இடத்துக்கு கொண்டு வந்து உடல்களை எடுக்க சுமார் 60 மில்லியன் டாலர், எட்டு உடல்தான் கிடைச்சுது, ஒரு பையன் கிடைக்கவே இல்ல. எஹிமே மாகாண அரசுக்கு 11.47 மில்லியன். குடும்பங்களுக்கும் உயிர் தப்பினவங்களுக்கும் முதல்ல 13.9 மில்லியன், அப்புறம் இன்னொரு 2.6 மில்லியன். சப்மரைன் ரிப்பேர் சுமார் 2 மில்லியன். கூட்டுனா கிட்டத்தட்ட 90 மில்லியன், ப்ளூ ஏஞ்சல்ஸோட ரெண்டு வருஷ பட்ஜெட்டை தாண்டிடுச்சு, ஒரே ஒரு மதியத்துக்கு. விருந்தாளிங்க கருவியை இயக்குனதால மோதல்னு விசாரணை சொல்லல, ஆனா அவங்க கூட்டமும் அவங்களுக்கான அவசரமும் குழுவோட வேலைக்கு இடைஞ்சலா இருந்துச்சுன்னு பதிவாச்சு. வாடிலுக்கு கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ கோர்ட் விசாரணை, நடக்கல, நிர்வாக தண்டனையோட ஓய்வு பெற்றாரு. பொதுமக்கள் கருவில உக்காரறதுக்கு பாதுகாப்பு செயலர் ரம்ஸ்ஃபெல்ட் தடை போட்டாரு. விருந்தாளி பயணங்கள் கொஞ்ச நாள்ல மறுபடி நடக்க ஆரம்பிச்சுது.

அதனால உங்க கேள்விக்கு என் பதில்: ப்ளூ ஏஞ்சல்ஸை மூட வேணாம், ஃப்ளீட் வீக்கையும் நிறுத்த வேணாம். தன் படை என்ன பண்ணுதுன்னு மக்கள் கண்ணால பாக்கறது ஒரு ஜனநாயகத்துல தேவையான விஷயம், அதை நான் முழுசா நம்பறேன். ஆனா ரெண்டு வேணும். காட்டறதுக்காக பறந்த ஒவ்வொரு மணி நேரத்தையும், நகர்ந்த ஒவ்வொரு கப்பலையும் அந்த வெளியிடற ரேட்லயே கணக்கு போட்டு வருஷா வருஷம் காங்கிரஸுக்கு தனி வரியா கொடுக்கணும், பயிற்சிக்குள்ள கலக்கக்கூடாது. நிஜ வேலை ரத்தாச்சுன்னா அன்னிக்கே விருந்தாளி பயணமும் ரத்தாகணும், ஏற்பாடு பண்ணவர் எத்தனை நட்சத்திர அட்மிரலா இருந்தாலும் சரி. 2013 அக்டோபர்ல நிகழ்ச்சிகளை மறுபடி ஆரம்பிக்க முடிவு பண்ணப்போ, பழைய அளவுல 45 சதவீதம்தான்னு ஒரு வரம்பு போட்டாங்க, அப்ப ஒரு வருஷத்துக்கு எவ்வளவுன்னு உக்காந்து கணக்கு போட முடிஞ்சுது. நெருக்கடில போட முடிஞ்ச கணக்கை சாதாரண வருஷத்துலயும் போடச் சொல்லி அந்த ஊர் வாக்காளருங்க கேக்கணும்.